சூடேறும் முன்னே அணைக்காதே

அன்புள்ள மகனுக்கு உன் அப்பா தன் கையால் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. இந்த முறை அதைத் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்து, "நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்று கேட்கவில்லை. மேல்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நானே பிரித்தேன். கொல்லைப் பக்கம் வெயில் விழுகிற இடத்தில் உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். உன் அம்மா வைத்துவிட்டுப் போன டீ ஆறி ஆடை கட்டி, அதில் ஓர் எறும்பும் விழுந்துவிட்டது. முதியோர் வகுப்பில் நான் சேர்ந்தபோது, "இந்த வயசுல எதுக்குப்பா" என்று நீ சிரித்தாய். இதற்குத்தான். என் மகன் எனக்கு எழுதியதை, நடுவில் இன்னொருவர் வாய் இல்லாமல், நான் நேராகக் கேட்டேன். சந்தோஷம் தாங்காமல் கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்துவிட்டு, வாய்க்கால் வரை நடந்து போய் வந்து, மிச்சத்தைப் படித்தேன்.

மிச்சத்தில் நீ வண்டியைப் பற்றி எழுதியிருந்தாய். தஞ்சாவூரில் இந்த மார்கழிப் பனியில் காலையில் வண்டி கிளம்ப மறுக்கிறது, உதைத்து உதைத்துக் கால் வலிக்கிறது, கிளம்பினாலும் இருமிக்கொண்டு கறுப்புப் புகை விடுகிறது, சைலன்சர் வாயில் தண்ணீர் சொட்டுகிறது, ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே ஏதோ வெளுப்பாக நுரை மாதிரி ஒட்டியிருக்கிறது, பேசாமல் இதை விற்றுவிட்டு பஸ்ஸில் போகலாமா என்று கேட்டிருந்தாய். அந்த நுரை எனக்குத் தெரியும். அதை நான் விரலால் வழித்துப் பார்த்தவன். காய்ச்சல்காரன் துப்பிய கோழை மாதிரி இருக்கும். ஆயிலின் வாடையும் பெட்ரோலின் வாடையும் கெட்டுப்போன மோரின் வாடையும் சேர்ந்து வரும். சோற்றுக் கையில் அது பட்டால் இரண்டு வேளைக்குச் சோறு இறங்காது. அதை நினைத்தே இப்போதும் குமட்டுகிறது. ஆனால் என்னைக் குமட்ட வைத்தது அது மட்டுமில்லை. அதற்கு இரண்டு வரி கீழே, போகிற போக்கில் நீ எழுதியிருந்தது. வீட்டுக்காரர் காலையில் சத்தம் கூடாது, தூக்கம் கெடுகிறது என்று சொல்லியிருப்பதால் வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் கிளப்புகிறாய். சாயங்காலம் வரும்போதும் முனையிலேயே நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டு வருகிறாய். மாடியில் குடியிருப்பவர் மட்டும் ஸ்கூட்டரை வாசலிலேயே கிளப்புகிறார், அவர் அவர்களுக்கு வேண்டியவர், அதனால் பரவாயில்லை.

பரவாயில்லை என்று எழுதியிருந்தாய். தபால்காரர் படித்திருந்தால் இந்த வரியை ஒரே மூச்சில் தாண்டிப் போயிருப்பார், நானும் தலையாட்டியிருப்பேன். நான் மெதுவாகப் படிக்கிறவன். எனக்கு அந்த ஒரு சொல்லைத் தாண்ட நெடுநேரம் ஆயிற்று. படித்துவிட்டு உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "சீ" என்றாள்.

அந்த வண்டி எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்று உனக்குத் தெரியும். கால்நடை ஆஸ்பத்திரிக்காரர் மாற்றலாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. அப்போது நீ விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். வந்தபோதெல்லாம் அதைத் துடைப்பாய், ஏறி ஒரு சுற்றுச் சுற்றுவாய், போய்விடுவாய். அந்த வண்டி குளிர்காலத்தில் என்ன பாடு பட்டது என்று உனக்குத் தெரியாது. பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் கொடுத்தார்கள், நல்ல காரியம்தான். ஆனால் மோட்டார் ஓடுகிற அளவுக்கு அது வருவது விடியற்காலையில். கடைமடையில் இருக்கிற நமக்கு ஆற்றுத் தண்ணீர் வந்தால் வரும், வராவிட்டால் மோட்டார்தான். அதனால் மார்கழி தை முழுக்க, சம்பா கதிர் வாங்குகிற நேரத்தில், நான் இருட்டு பிரியும்போதே வண்டியை எடுப்பேன். நம் ஊர்க் குளிரெல்லாம் ஒரு குளிரா என்று ஊட்டிக்காரன் சிரிப்பான். சிரிக்கட்டும். வயலிலிருந்து எழுகிற அந்தப் பனி இரும்புக்குள் இறங்கினால் இன்ஜின் ஆற்றுக் கல் மாதிரி கிடக்கும். துண்டைப் பிழிந்து பிழிந்து சீட்டைத் துடைக்க வேண்டும்.

வீட்டிலிருந்து மோட்டார் கொட்டகை வண்டிக்கு ஒரு தூரமே இல்லை. அந்தக் கொஞ்ச தூரத்தையும் நான் மூன்றாகக் கிழித்தேன். நம் தெருவில் கிளப்பி, பெரிய தெருவின் முனை வரை ஓட்டுவேன். அங்கே நிறுத்தி இறங்குவேன். கோயிலைத் தாண்டி, மிராசு வீட்டைத் தாண்டி, தெருவின் அந்தக் கோடி வரைக்கும் தள்ளுவேன். மதகுக் கட்டையருகே மறுபடி உதைத்துக் கிளப்பிக் கொட்டகைக்குப் போவேன். திரும்பி வரும்போதும் அதே கூத்து. பெரிய தெருவில் நம் தெரு ஆள் சைக்கிள் ஏறிப் போகக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, துண்டு தோளில் கிடக்கக் கூடாது என்று ஒரு காலம் இருந்தது. எழுதி வைத்த சட்டம் இல்லை. என் அப்பா இறங்கினார், நானும் இறங்கினேன். கூலிக்காகக் கொடி பிடித்துச் சண்டை போட்ட வருடங்களில் எங்கள் ஆள்கள் அடி வாங்கினார்கள், குடிசைகள் பிரிக்கப்பட்டன, கடைசியில் கூலியில் ஒரு மரக்கால் நெல் கூடுதலாகக் கிடைத்தது. குடியிருந்த மனை நம் பேருக்கு வந்தது. ஆட்சி மாறியது, சுவரில் எல்லாம் புதிய நிறம் வந்தது. மேடையில் மனுசனுக்கு மனுசன் தாழ்வில்லை என்று மைக் அதிரப் பேசினார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினேன். தட்டிவிட்டு, திரும்பி வரும்போது பெரிய தெரு முனையில் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். நான் மட்டுமில்லை, என்னோடு கை தட்டியவர்கள் எல்லோரும்தான். இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வரவில்லை. வாயில் புளிச்சத்தண்ணி ஊறுகிறது, துப்ப வேண்டும் போல் இருக்கிறது.

வண்டி வந்தபோது சைக்கிளுக்கு இருந்ததை வண்டிக்கும் சேர்த்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. மிராசு வீட்டு நிலத்தைத்தான் குத்தகைக்கு வைத்திருக்கிறோம், எதற்கு வம்பு என்று நானே இறங்கினேன். சைக்கிளுக்கு இன்ஜின் கிடையாது, இறக்கித் தள்ளினால் அதற்கு ஒன்றும் ஆகாது. வண்டி அப்படியில்லை. முதல் மார்கழி முடிவதற்குள் அது நோஞ்சானாகிவிட்டது. நீ எழுதியிருக்கிற அத்தனை குணமும் அதற்கு வந்தது. திருத்துறைப்பூண்டியில் மன்னார்குடி ரோட்டு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவன் ஆயில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பெரியவரே, வண்டிய ஆத்துல இறக்கிக் குளிப்பாட்டுனீங்களா?"

"மாட்டைத்தான் தம்பி குளிப்பாட்டுறது."

"வெள்ளத்துல நின்னுச்சா?"

"வெள்ளம் ஐப்பசியிலயே வடிஞ்சு போச்சே."

"அப்ப ஆயிலுக்குள்ள தண்ணி எப்படி வரும்? இது காத்துல ஆறுற இன்ஜின். உள்ள தண்ணியே கிடையாது." தலையைச் சொறிந்துகொண்டு ஆயிலை மாற்றிக் கொடுத்தான். தை பிறந்ததும் மறுபடி போய் நின்றேன். மறுபடி அதே கோழை. அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "பெரியவரே, தப்பா நினைக்காதீங்க. ஊர்ல உங்களுக்கு ஆகாதவங்க யாராச்சும் இருக்காங்களா? யாரோ மூடியத் திறந்து தண்ணி ஊத்துறாங்க."

ஊரில் ஆகாதவர்களா. வாய்க்கால் தண்ணீருக்கும் வரப்புக்கும் குத்தகைக்கும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் என்னிடம் வந்து கேட்கிறான். எனக்கு உடனே மிராசு வீட்டுக் காரியக்காரர் முகம்தான் நினைவுக்கு வந்தது. மிராசுக்காகக் குத்தகை நிலத்தைத் திருப்பிக் கேட்டுப் பார்த்து, கிடைக்காமல் போனவர் அவர். வீட்டுக்கு வந்து, வண்டியைக் கொல்லையில் மாட்டுக் கொட்டகையோடு ஒட்டி நிறுத்தி, நாயைக் கொண்டுபோய் அதன் சக்கரத்தில் கட்டினேன். அதுவும் போதாதென்று உர மூட்டைச் சாக்குகளைப் பிரித்து, அந்தப் பிளாஸ்டிக் உறையைச் சேர்த்துத் தைத்து, வண்டிக்குத் தலையிலிருந்து கால் வரை போர்த்தி, கயிற்றால் கட்டினேன். காலையில் அவிழ்த்தால் உறைக்குள் வண்டி தொப்பலாக வேர்த்து நிற்கும். போர்த்தியதனால்தான் வேர்க்கிறது என்று எனக்குப் புரியவில்லை. காரியக்காரர் எப்படியோ உள்ளே வந்துவிட்டார் என்றே நினைத்தேன். நாய் ஏன் குரைக்கவில்லை என்று அதையும் சந்தேகப்பட்டு ஒரு வேளைக் கஞ்சியைக் குறைத்தேன். உன் அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் உலை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. இந்த மூடியத் தூக்கிப் பாருங்க."

தூக்கினேன். அடுப்பு பற்றிய புதிது. மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்.

"இத யாரு ஊத்துனா? காரியக்காரரா?"

"உலையில ஆவி கெளம்புது, மூடி சில்லுனு இருக்கு, கோத்துக்குது."

"இப்பவே தீய இழுத்துட்டா?"

"உள்ளயே சொட்டும்."

"விடாம எரிச்சா?"

"மூடியும் சூடாயிரும். ஆவி வெளிய போயிரும்."

"அவ்வளவுதான் உங்க வண்டி. பத்த வைக்கிறீங்க, கொதிக்கறதுக்குள்ள அணைக்கிறீங்க. மறுபடி பத்த வைக்கிறீங்க, மறுபடி அணைக்கிறீங்க. ஒரு நாளைக்கு எத்தன தடவ. அந்தச் சோறு எப்படி வேகும்? ஊசித்தான் போகும். பாவம் அந்த நாயி, அதை அவுத்து விடுங்க."

நாயை அவிழ்த்துவிட்டேன். மெக்கானிக்கிடம் போய் உலைமூடியைப் பற்றிச் சொன்னேன். அவன், "நீங்க எவ்வளவு தூரம் ஓட்டுறீங்க?" என்று அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டான். சொன்னேன். நடுவில் எதற்கு நிறுத்துகிறேன் என்பதையும் சொன்னேன். அவனும் நம் மாதிரித் தெருவிலிருந்து வந்தவன்தான். கையிலிருந்த ஸ்பேனரைத் தட்டில் போட்டுவிட்டு, "தூ" என்று ரோட்டில் துப்பினான். என்மேல் இல்லை. பிறகு அவன் சொன்னதையும் நான் பழகித் தெரிந்துகொண்டதையும் சேர்த்து உனக்கு எழுதுகிறேன். கவனமாகப் படி. இவ்வளவையும் எழுத எனக்கு இரண்டு சாயங்காலம் ஆகிறது.

காலையில் சோக்கை இழுத்து உதை. கிளம்பியதும் கைப்பிடியை முறுக்கி அலற விடாதே. அப்படி அலற விடுகிறவர்களைக் கண்டால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். இரவெல்லாம் ஆயில் கீழே இறங்கிக் கெட்டியாகக் கிடக்கிறது. அது மேலே ஏறிப் பல் சக்கரங்களை நனைப்பதற்குள் முறுக்கினால் இரும்போடு இரும்பு தேயும். தானாக நிதானமாகத் துடிக்க ஆரம்பித்ததும் கிளம்பிவிடு. நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓட விட்டுச் சூடாக்கலாம் என்றும் நினைக்காதே. நின்றுகொண்டு ஓடுகிற இன்ஜினுக்கு மேல்தலைதான் சுடும், அடிவயிறு குளிர்ந்தே கிடக்கும். மெதுவாக ஓட்டிக்கொண்டே சூடேற்று, போகப் போகச் சோக்கை உள்ளே தள்ளு. முழுக்கத் தள்ள மறந்துவிடாதே. நீ மறக்கிறாய் என்று அந்தக் கறுப்புப் புகையே சொல்கிறது. அந்தப் புகை எரியாத பெட்ரோல். அது பிளக்கில் கரியாக அப்பும், மிச்சம் வழிந்து ஆயிலில் கலந்து ஆயிலை நீர்த்துப்போக வைக்கும். பிளக்கைக் கழற்றிப் பார். அடுப்புக் கரி மாதிரி இருந்தால் துடைத்துப் போடு. செங்கல் பொடி மாதிரி இருந்தால் இன்ஜின் நன்றாகச் சாப்பிடுகிறது என்று அர்த்தம்.

அலுவலகம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக நேர்வழியில் போகாதே. கொஞ்சம் முன்னதாகக் கிளம்பி, ஊரைச் சுற்றிக்கொண்டு போ. ஆயில் மூடியைத் தொட்டால் விரலை எடுக்கிற அளவு சுட வேண்டும். சுட்டால் உள்ளே கோத்த தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டது என்று பொருள், அதற்குப் பிறகு நிறுத்து. அதற்கு முன்னால் நிறுத்தாதே. எவன் தெருவாக இருந்தாலும் நிறுத்தாதே. புத்தகத்தில் போட்டிருக்கிற கணக்கெல்லாம் நெடுந்தூரம் ஓடுகிற வண்டிக்கு. உன் வண்டிக்கு அதற்கு முன்பே ஆயிலை மாற்று. ஓட்டி வந்த சூட்டோடு இறக்கு, அப்போதுதான் அந்தக் கோழையும் சேர்ந்து வழியும். ஆறிய பிறகு இறக்கினால் அழுக்கு உள்ளேயே தங்கும், நல்லதுதான் வெளியே வரும். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவி, பளபளவென்று துடைத்து, போர்த்தி நிறுத்திவிட்டுச் சினிமாவுக்குப் போகாதே. ஆயுதபூசைக்குச் சந்தனமும் மாலையும் போட்டுக் கும்பிட்டுவிட்டு வருடம் முழுக்க ஆயில் பார்க்காத ஜென்மங்கள் நம் ஊரில் நிறைய. அவர்கள் வண்டியும் அவர்களும் மினுக்கிக்கொண்டே உளுத்துப் போவார்கள். உறை போட வேண்டுமானால் பழைய பருத்திச் சேலை போடு, அம்மாவிடம் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் வண்டியை நெடுந்தூரம் எடு. நெடுந்தூரம் என்றால் வடுவூர், மன்னார்குடி வழியாக நம் ஊர் வரைக்கும். இதை உன்னைப் பார்க்கிற ஆசையில் எழுதவில்லை, ஆயிலுக்காக எழுதுகிறேன். ஆசையும் உண்டு.

இப்போது அந்தப் பெரிய தெரு. மெக்கானிக்கிடமிருந்து வந்த மறுநாள் காலையில் நம் தெருவில் வண்டியைக் கிளப்பினேன். உன் அம்மா வாசலில் நின்றாள். "நிறுத்தாதீங்க" என்றாள். முனை வந்தது. என் கால் தானாக இறங்கப் பார்த்தது. உண்மையாகச் சொல்கிறேன், என் கை சாவிக்குப் போயிற்று. அப்போது எனக்கு அந்தக் கோழைதான் நினைவுக்கு வந்தது. என் தைரியத்தில் போகவில்லை மகனே, அந்த அருவருப்பில் போனேன். இன்னொரு தடவை அந்த மூடியைத் திறந்து அதைப் பார்க்க என்னால் முடியாது. பெரிய தெருவுக்குள் வண்டி நுழைந்தது. கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். மிராசு வீட்டு வாசலில் அவர்கள் பையன் வாய் நிறையப் பற்பசை நுரையோடு நின்றான், அப்படியே நின்றான். வானம் இடிந்து விழவில்லை. ஆனால் வாசலில் கட்டியிருந்த அவர்கள் கன்றுக்குட்டி சத்தத்தில் மிரண்டு, முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கோலத்தில் குதித்து, செம்மண் பட்டையையெல்லாம் கலைத்துவிட்டு ஓடியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொட்டகைக்குப் போய் இறங்கி ஆயில் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. சுடவில்லை, தூரம் போதாது. அதனால் வண்டியைத் திருப்பி, மெயின் ரோடு வரை போய் வந்து மோட்டாரைப் போட்டேன்.

சாயங்காலமே காரியக்காரர் வந்துவிட்டார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார். நான் எழுந்து நின்றேன். உன் அம்மா நெல் புடைத்துக்கொண்டிருந்தாள், எழவில்லை.

"என்னப்பா, புதுசா ரேஸ் எல்லாம் விடுறியாமே. ஐயா ரொம்ப வருத்தப்பட்டாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "மத்தபடி ஒண்ணும் இல்ல. காலம் மாறிப் போச்சு, நாங்க அதெல்லாம் பாக்கறவங்களா? கன்னுக்குட்டி மிரளுது, அவ்வளவுதான். பால் குடிக்கிற கன்னு. முன்ன மாதிரி முனையில நிறுத்தித் தள்ளிட்டுப் போயிரு. அதுக்கு என்ன இப்ப?"

உன் அம்மா முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "கன்னுக்குட்டியத் தள்ளிக் கட்டச் சொல்லுங்க."

"என்னம்மா?"

"கொல்லையில இடமா இல்ல? வண்டி போற தெருவுல எதுக்குக் கன்னக் கட்டணும்? தள்ளிக் கட்டுனா அதுவும் மிரளாது, ஐயாவும் வருத்தப்பட வேணாம்."

"நிலம் யாருதுன்னு யோசிச்சுப் பேசும்மா."

"யோசிச்சுத்தான் பதிஞ்சு வச்சிருக்கோம். பதியாத குத்தகை தாலி கட்டாத கல்யாணம்னு இந்த மனுசன அடிச்சுத் தொரத்தித் தாலுகா ஆபீசுக்கு அனுப்புனவ நானு. நீங்க கன்னப் பாருங்க."

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதினால் அது பொய். அந்த வருடம் நம் மடையை மேலேயே அடைத்தார்கள். கேட்டால் கரை உடையுது என்றார்கள். மோட்டார்த் தண்ணீர் எட்டாத மேட்டுப் பக்கம் கதிர் பாதி பதராகப் போயிற்று. அந்த வருடம் நீ லீவுக்கு வந்தபோது, "ஏம்பா நெல்லு இவ்வளவுதானா" என்று கேட்டாய். புகையான் பூச்சி என்று சொல்லிவைத்தேன். பூச்சி இல்லை. ஆனால் நம் தெருவில் யாரும் அதற்குப் பிறகு பெரிய தெருவில் இறங்கவில்லை. என் வண்டி போன பிறகு சைக்கிள்கள் போயின, சைக்கிள்களுக்குப் பின்னால் டிராக்டர் போயிற்று. அந்தக் கன்றுக்குட்டி இப்போது பெரிய பசு, நாலு ஈத்துப் போட்டுவிட்டது. வண்டி பக்கத்தில் போனாலும் அசை போடுவதை நிறுத்துவதில்லை.

அந்த வண்டியைத்தான் உனக்கு வேலை கிடைத்தபோது கொடுத்தேன். ஆயில் தேன் மாதிரி இருந்தது. நீயே மூடியைத் திறந்து பார்த்தாய். அதில் மறுபடி அந்தக் கோழையை வர வைத்துவிட்டு, விற்றுவிடலாமா என்று கேட்கிறாய். எங்கள் காலத்தில் கன்றுக்குட்டி மிரண்டது. உன் காலத்தில் அதே கன்றுக்குட்டி தூக்கம் என்று பேரை மாற்றிக்கொண்டு, தஞ்சாவூரில் மொசைக் போட்ட வீட்டில் படுத்திருக்கிறது. நீ படித்தவன், அரசாங்கச் சம்பளக்காரன், அதற்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டு பனியில் வண்டி தள்ளுகிறாய். நான் பயந்து தள்ளினேன். என் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அது நிலம். உனக்கு என்ன காரணம்? அலுவலகம் பக்கம், வாடகை குறைவு, பரவாயில்லை. இந்தப் பரவாயில்லைதான் எனக்குக் குமட்டுகிறது. பயத்தையாவது ஒருநாள் உதறலாம். பரவாயில்லை என்பது தோலோடு ஒட்டிக்கொள்ளும். அந்த வீட்டில் நிஜமாகவே நோயாளியோ பச்சைக் குழந்தையோ இருந்து, மாடிக்காரரும் உன்னோடு சேர்ந்து தள்ளினால் நீயும் தள்ளு. நானும் வந்து பின்னாலிருந்து தள்ளுகிறேன். அது மனுசன் மனுசனுக்குச் செய்வது. ஒருத்தன் கிளப்பலாம், ஒருத்தன் தள்ள வேண்டும் என்றால் அங்கே தூங்குவது யார் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

இது கிடைத்த மறுநாள் காலையில் அந்த வீட்டு வாசலிலேயே சோக்கை இழுத்து உதை. முறுக்காதே, யாரையும் வம்புக்கு இழுக்காதே. அது இன்ஜினுக்கும் கெடுதல். நிதானமாகத் துடிக்க விட்டுக் கிளம்பு. வீட்டுக்காரர் வெளியே வந்தால் வணக்கம் சொல்லு. "சூடேறாம அணைச்சா வண்டி கெட்டுப் போகுதுங்க" என்று சொல்லு. மாடிக்காரர் ஸ்கூட்டருக்கு என்ன நியாயமோ அதுதான் உன் வண்டிக்கும் என்று சொல்லு. குரலை உயர்த்த வேண்டாம், கண்ணைத் தாழ்த்தவும் வேண்டாம். அவர் வீட்டைக் காலி பண்ணு என்பார். சொல்லுவார், எனக்குத் தெரியும். பயந்துவிடாதே. மூட்டையைக் கட்டு. பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, இன்னும் தள்ளி, வாசலில் வண்டியைக் கிளப்ப விடுகிற ஒரு வீடாகப் பார். அலுவலகத்துக்குத் தூரமாயிற்றே என்று கவலைப்படாதே. தூரம் நல்லது. இன்ஜின் நன்றாகச் சூடேறும்.

இவ்வளவு பெரிய கடிதம் எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை. கை கடுக்கிறது, ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிட்டாள். என்னோடு வகுப்புக்கு வருகிறவள், என்னைவிட வேகமாகப் படிக்கிறாள். ஆனால் எழுதச் சொன்னால் மட்டும் வேலை கிடக்கிறது என்று எழுந்து போய்விடுவாள். வகுப்பில் அவள் பலகை காலியாகவே இருக்கும். இன்றைக்கு என்னவோ, அந்தப் பேனாவை இங்கே கொடுங்க என்கிறாள். கொடுக்கிறேன். கீழே இருப்பது அவள் எழுத்து.

கன்னுக்குட்டியத் தள்ளிக் கட்டச் சொல்லு. அம்மா.